ஒப்பந்தத்தில் கையெழுத்து சரி, ஈசிஜி கம்பியை மாற்றுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மருத்துவமனையும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து தொழில்நுட்ப மருத்துவத்தை வளர்க்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். படத்தில் பூங்கொத்து, தோல் உறை போட்ட கோப்பு, வரிசையாக நிற்கும் பேராசிரியர்கள். செய்தியில் செயற்கை நுண்ணறிவு, தொலை மருத்துவம், ட்ரோன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் இப்படி ஒரு கூட்டு வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கோப்பின் கடைசியில் இருக்கும் இணைப்புப் பக்கங்களில் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் கவலை. கருவி பழுதானால் யார் வருவார், வரும் செய்தியை இரவு 2 மணிக்கு யார் பார்ப்பார், மூன்றாம் ஆண்டுச் செலவு யார் கணக்கில்? இவற்றுக்கு விடை எழுதாத ஒப்பந்தம் படத்தோடு முடிந்துவிடும்.

ஆள்பலத்துக்கு இங்கே குறைவில்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் தொடங்கியது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994 முதல் நடக்கிறது. செட்டிக்கரையில் இருக்கும் தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி 2013இல் வந்தது. மருத்துவக் கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை, பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. இரண்டு பல்கலைக்கழகங்களும் இருப்பது சென்னை கிண்டியில். ஆட்டோ பிடித்தால் போய்விடும் தூரத்தில் இருக்கும் அந்த இருவரும் பேசி முடிக்கும்வரை இங்கே உள்ள நான்கு கல்லூரிகளும் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட அளவில், சிறியதாக, ஒரே ஒரு வேலையை எடுத்துத் தொடங்கலாம். அந்த முதல் வேலையாக நாங்கள் சொல்வது ஈசிஜி.

காரணம் உண்டு. மாரடைப்பில் நேரம்தான் எல்லாம். நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் படித்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நெறி. அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்கு 2 மணி நேரத்துக்குள் போய்ச்சேர முடியாது என்றால், தடை ஏதும் இல்லாத நோயாளிக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முன்னதாகவே கொடுக்க வேண்டும். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி போன்ற ஊர்களின் சாலையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வட்டுவனஅள்ளி ஊராட்சியின் மலைக் கிராமங்களிலிருந்து தூளி கட்டி நோயாளியைச் சுமந்து வந்த செய்திகளை உங்கள் வாசகர்களும் படித்திருப்பார்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். மருந்து கையில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய நல்ல ஈசிஜியும், அதைப் படிக்க ஆளும் வேண்டும்.

நல்ல ஈசிஜி ஏன் கிடைப்பதில்லை? முதலில், உடலில் ஒட்டும் மின்முனைகள். 12 கோணப் பதிவுக்கு 10 மின்முனை வேண்டும், கைகால்களுக்கு நான்கு, நெஞ்சுக்கு ஆறு. நெஞ்சில் முதல் இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் இரு ஓரங்களிலும் வர வேண்டும். அவசரத்தில் இரண்டாவது இடைவெளியில் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டினால் நோயே இல்லாதவருக்குப் பழைய மாரடைப்பு இருந்தது போன்ற கோடு வரும். வலது கை, இடது கைக் கம்பிகள் மாறினால் முதல் லீட் (லீட் என்பது ஒரு கோணப் பதிவு) தலைகீழாகும், ஏவிஆர் என்ற லீட் நிமிர்ந்து நிற்கும். இந்த இரண்டையும் பார்த்தவுடன் அனுபவசாலி கண்டுபிடிப்பார். மென்பொருளும் கண்டுபிடிக்கும். பதிவு எடுத்த அந்த நொடியிலேயே 'கைக் கம்பியைச் சரிபார்க்கவும்' என்று திரையில் காட்டும் ஒரு சிறு நிரலை எழுதுவது பொறியியல் மாணவருக்கு நல்ல பயிற்சி. நோயைக் கண்டுபிடிக்கும் நிரலைவிட இது எளிது, பயனும் உடனே தெரியும்.

கம்பியின் நிறத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் புழங்கும் ஐரோப்பிய முறையில் சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். அமெரிக்க முறையில் வெள்ளை வலது கை, கறுப்பு இடது கை, சிவப்பு இடது கால், பச்சை வலது கால். ஆய்வுத் திட்டத்துக்கென்று இணையத்தில் வாங்கும் மலிவுக் கருவியில் அமெரிக்க நிறம் வந்து சேரும். பழகிய கை சிவப்பை எடுத்து வலது கையில்தான் மாட்டும். அதன் பிறகு வரும் கோட்டுக்குப் பொருளே இல்லை. கொள்முதல் விவரக்குறிப்பில் நிற முறையை ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது வடிகட்டி. படுக்கைப் பக்க மானிட்டரில் கோடு அலையாமல் நிற்பதற்காக 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவார்கள். ஈசிஜி கோட்டில் மாரடைப்பைக் காட்டும் 'எஸ்டி' என்ற பகுதியின் ஏற்ற இறக்கம் அந்த வெட்டில் கோணலாகிவிடும். நோயறியும் பதிவுக்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். 'அழகான கோடு வருகிறது' என்று மாணவர் காட்டும் மாதிரிக் கருவி பெரும்பாலும் மானிட்டர் அளவில் வடிகட்டப்பட்டதாகவே இருக்கும். அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். பதிவின் ஓரத்தில் 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயர அளவுத்துடிப்பு இருக்கிறதா, வேகம் நொடிக்கு 25 மி.மீ.யா என்று முதலில் பாருங்கள்.

மின்சாரம் தனிக் கதை. நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஒரு கடப்பாரை ஆழத்திலேயே பாறை. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டாலும் கோடையில் ஈரம் வற்றியதும் தடை ஏறிவிடும். 5 ஓமுக்குள் இருக்க வேண்டியது பல மடங்காகும். ஈசிஜி கோடு முழுக்க 50 ஹெர்ட்ஸ் நடுக்கம் பின்னிக்கொண்டு வரும். உடனடி வைத்தியம் ஒன்று உண்டு. பதிவு எடுக்கும் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் நடுக்கம் அடங்கும், நோயாளிக்கும் பாதுகாப்பு. நிரந்தர வைத்தியம் எர்த் தடையை ஆண்டுக்கு இரு முறை, அதில் ஒன்று சித்திரை வெயிலில், அளந்து பதிவேட்டில் எழுதுவது. மின்னியல் துறை மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடையாது. அளக்கும் கருவி அவர்களது ஆய்வகத்திலேயே இருக்கும்.

இனி அனுப்புவது. இப்போது பரவலாக நடப்பது, தாளில் எடுத்த ஈசிஜியைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. சாய்ந்த படம், நிழல், சுருக்கப்பட்டதில் கரைந்த கட்டக் கோடுகள். 1 மி.மீ. ஏற்றத்தை அளக்க வேண்டிய இடத்தில் கட்டமே தெரியாது. படத்துக்குப் பதில் எண்களாகவே அனுப்பினால் என்ன? 12 லீடில் உண்மையில் தனித்து அளப்பது எட்டு, மற்றவை கணக்கில் வருபவை. நொடிக்கு 500 அளவு, ஒவ்வொன்றுக்கும் 2 பைட், 10 நொடி. மொத்தம் 80,000 பைட். கைப்பேசியில் எடுக்கும் சாதாரணப் படத்தில் சிறு பங்குதான் இது. நொடிக்கு 40 கிலோபிட் மட்டும் கிடைக்கும் மோசமான சிக்னலிலும் 16 நொடியில் போய்விடும். சிக்னலே இல்லையென்றால் கருவி வரிசையில் வைத்திருந்து, கிடைத்ததும் தானே அனுப்ப வேண்டும். மறுமுனையில் திறந்து பார்த்தாகிவிட்டது என்பது செவிலியருக்குத் தெரியவும் வேண்டும். 'போயிருக்கும்' என்ற நம்பிக்கையில் நோயாளியைக் காத்திருக்க வைப்பதைவிட, 'போகவில்லை' என்று தெரிந்து உடனே 108இல் ஏற்றிவிடுவது மேல்.

மறுமுனைதான் எல்லாத் திட்டங்களும் சாகும் இடம். குழுவில் முப்பது மருத்துவர்கள் இருப்பார்கள், யாராவது பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு பணி நேரத்துக்கும் ஒருவர் பெயர் பலகையில் இருக்க வேண்டும். ஈசிஜி வந்ததும் அவரது கருவி ஒலிக்க வேண்டும், அவர் தொட்டால் ஒழிய நிற்கக் கூடாது. 3 நிமிடத்தில் தொடவில்லை என்றால் அடுத்தவருக்குப் போக வேண்டும். பதில் கட்டுரையாக வேண்டாம். மாரடைப்பு, மாரடைப்பு இல்லை, மீண்டும் எடுக்கவும் என்ற மூன்றில் ஒன்று போதும், கூடவே மருந்துக் குறிப்பு. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் திரையே நினைவூட்டட்டும். இந்தப் பணிமுறைப் பட்டியலில் கல்லூரி முதல்வர் கையெழுத்திடாத வரை கருவி வாங்குவதை நிறுத்தி வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு நோய் 100 பேரில் 2 பேருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவரில் 90 சதவீதத்தையும் நோய் இல்லாதவரில் 90 சதவீதத்தையும் சரியாகச் சொல்லும் மென்பொருள். கேட்க நன்றாக இருக்கிறது. 1,000 பேரைச் சோதித்தால் நோயாளிகள் 20 பேர், அவர்களில் 18 பேரைப் பிடிக்கும். மீதி 980 பேரில் 98 பேருக்கு நோய் இருப்பதாகத் தவறாகச் சொல்லும். ஆக, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படும் 116 பேரில் 98 பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கி வந்து வெறுங்கையோடு திரும்புவார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்களா? நிறுவனம் சொல்லும் சதவீதத்தை அப்படியே ஏற்காமல், நம் மருத்துவமனைக்கு வரிசையாக வரும் நோயாளிகளிடம் வடிகட்டாமல் சோதித்து, மென்பொருள் தரும் எந்த மதிப்பெண்ணுக்கு மேல் அனுப்புவது என்பதை இங்கேயே முடிவு செய்ய வேண்டும். காசநோய்க்கு எக்ஸ்ரே படத்தைக் கணினியே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தபோதும், அந்த எல்லை மதிப்பை அந்தந்த ஊருக்கேற்ப அமைக்க வேண்டும் என்றே சொன்னது. சர்க்கரை நோயாளியின் விழித்திரைப் படத்துக்கும் இது பொருந்தும். வயதானவருக்குக் கண்புரை இருந்தால் படமே மங்கும், மென்பொருள் 'படிக்க இயலாது' என்று தள்ளும். தள்ளப்பட்டவரைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதிகம் பாதிக்கப்பட்டவரே பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்.

கூட்டு முயற்சி என்றால் கணினிதான் என்பதும் இல்லை. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து செய்தது. எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று நோயறிந்த உடனே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது. எடைக்கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் போதும். அந்த ஆக்சிமீட்டரும் மருதாணி விரலிலும் குளிர்ந்த விரலிலும் பொய் சொல்லும் என்பதைச் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மாறாக, நீண்டகாலம் உழைத்து எடுத்த வெற்றிக்கு உதாரணம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம். மருத்துவமனையும் கருவி ஆய்வுப் பிரிவும் ஒரே நிறுவனத்துக்குள் இருந்தும், செயற்கை இதய வால்வின் முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவதுதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த நிறுவனமும் வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தும் மருத்துவப் பொறியியல் படிப்பில் மாணவர் மருத்துவமனைக்குள்ளேயே இருந்து கற்கிறார். நமக்குப் புதிய பட்டம் வேண்டாம். இறுதியாண்டு மாணவர் இருவரை வாரம் இரண்டு நாள் மருத்துவமனைக் கருவிப் பராமரிப்புப் பிரிவில் உட்கார வைத்தால் போதும்.

மாணவர் திட்டங்களில் ஒரு பொதுக் குறை உண்டு. ஏப்ரலில் மதிப்பெண் வந்ததும் மாணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். நிரலின் மூலம் அவரது மடிக்கணினியில், சர்வர் வாடகை அவரது சொந்த அட்டையில், கடவுச்சொல் அவரது மனதில். அடுத்த ஆண்டு வாடகை கட்டாமல் எல்லாம் நின்றுவிடும். நிரல், கடவுச்சொல், கொள்முதல் ரசீது மூன்றும் கல்லூரியின் பெயரில் இருக்க வேண்டும். ஒப்படைத்த சான்று இல்லாமல் மதிப்பெண் இல்லை என்று துறைத்தலைவர் ஒரு சுற்றறிக்கை விட்டால் முடிந்தது.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. நோயாளிமேல் சோதிப்பதென்றால் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சோதனைக்காகக் கருவி செய்யவே 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி தனி உரிமம் உண்டு. பின்னர் விற்பனைக்குத் தயாரிக்க ஆபத்து குறைந்த ஏ, பி வகைக் கருவிகளுக்கு மாநில உரிம அதிகாரியிடமும், ஆபத்து மிகுந்த சி, டி வகைக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடமும் போக வேண்டும். 2020 ஏப்ரல் முதல் மென்பொருளும் இதில் அடக்கம். ஓசூரில் நுண்பாகங்கள் செய்யும் சிறுதொழில் பட்டறைகள் உள்ளே வர முடியும். ஆனால் தர ஆவணம் முதல் நாளிலிருந்தே எழுதப்பட வேண்டும், கடைசியில் உட்கார்ந்து எழுதினால் எடுபடாது.

கைப்பேசியில் செருகும் ஸ்கேன் கருவிக்குக் கூடுதல் எச்சரிக்கை. தொட்டில் குழந்தைத் திட்டம் வரவேண்டிய அளவுக்குப் பெண் சிசுக்கொலை நடந்த பகுதி இது. சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் பிடிபட்ட செய்தி இன்றும் வருகிறது. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத இடத்துக்கு ஸ்கேன் கருவியை விற்கவோ கொடுக்கவோ கூடாது. எடுத்துச்செல்லும் கருவியை, பதிவு பெற்ற வளாகத்துக்குள்ளோ, பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வண்டியிலோ மட்டுமே பயன்படுத்தலாம். கல்லூரி ஆய்வகத்தில் 'ஆராய்ச்சிக்காக' ஒன்றை வாங்கி வைத்தாலும் குற்றமாகிவிடும். அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் மாவட்டத் தகுதி அலுவலரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிபார்க்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அத்திட்டத்தில் வீடு வீடாகப் போகும் இரத்த அழுத்தக் கருவிகளைப் பாலிடெக்னிக் மாணவர்களே சோதிக்கலாம். கைப்பட்டைக்குப் பதில் அரை லிட்டர் கெட்டிக் கலன் ஒன்று, ஒய் வடிவ இணைப்பு, சான்று பெற்ற அழுத்தமானி. 50, 100, 150, 200 என்று ஏற்றி இரண்டையும் ஒப்பிட வேண்டும். 3 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் வேறுபட்டால் கருவியை ஒதுக்கிவிடலாம். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால் பெரிய பட்டை ஒன்றையும் பையில் வைக்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வந்த ஆக்சிஜன் செறிவூட்டிகளும் அப்படியே. ஓடாமல் மூலையில் கிடந்தால் உள்ளே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் ஜியோலைட் ஈரம் குடித்துச் செத்துவிடும். மாதம் ஒரு முறை ஓட்டி, வெளிவரும் ஆக்சிஜன் 90 முதல் 96 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். 82க்குக் கீழே என்றால் அது வெறும் விசிறி.

செலவு: கருவி ஒரு முறை, உதிரி ஒவ்வொரு நாளும். ஒட்டும் மின்முனை நோயாளிக்கு 10, நாளைக்கு 8 ஈசிஜி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஒரே நிலையத்துக்கு 24,000 வேண்டும். உறையைத் திறந்து வைத்தால் ஜெல் காய்ந்து போகும், ஆகவே சிறு உறைகளாக வாங்குவது நல்லது. வெப்பத்தாளில் எடுத்த பதிவு சில மாதத்தில் வெளுத்துவிடும். இரண்டாண்டு ஆய்வு நிதி தீர்ந்த மறுநாள் இவற்றை யார் வாங்குவது என்று இன்றே எழுத வேண்டும். 2015இல் மத்திய அரசு தொடங்கிய கருவிப் பராமரிப்புத் திட்டத்தின் நெறியில் மாவட்ட மருத்துவமனைக் கருவிகள் 95 சதவீத நேரமும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 சதவீத நேரமும் இயங்க வேண்டும். ஒப்பந்தத்திலும் இந்த எண்களையே வையுங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. தளி, அஞ்செட்டிப் பக்கம் கன்னடம், ஓசூர், பாகலூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். எழுத்துத் தெரியாதவருக்கு ஒலிப்பதிவாக வாசித்துக் காட்டலாம். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. ஆய்வுக்குப் போகும் ஈசிஜியின் ஓரத்தில் அச்சான பெயரையும் புறநோயாளி எண்ணையும் நீக்கிவிட்டே கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும். நீக்கும் வேலை மருத்துவமனைக்குள்ளேயே நடக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு இரு மாவட்டத்திலும் மும்மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்கள் போதும். எத்தனை ஈசிஜி அனுப்பப்பட்டது, எத்தனைக்கு 10 நிமிடத்தில் பதில் வந்தது, கருவி எத்தனை நாள் முடங்கியது, என்ன காரணத்தால் என்ற நான்கு விவரங்களை மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அவற்றை உங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்பிலும் மின்னணுவியல் கற்பித்தலிலும் உள்ள சிலர்,
தருமபுரி – கிருஷ்ணகிரி